பிரேக் பிடித்தால் ஹார்ன்

19 அக்டோபர் 1999

நேற்று ஆயுத பூஜை. மாமனார் வேதாந்தம் மாமல்லபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்து, என் வண்டிக்கு அவர் கையாலேயே சந்தனம் வைத்தார். பெருமாள் கோயிலில் தினமும் சந்தனம் அரைக்கிற கை. ஒரு பொட்டோடு நிறுத்தியிருக்கலாம். ஹெட்லைட், ஹேண்டில், ஸ்விட்ச் ஒன்றையும் விடவில்லை. வண்டிக்கு அம்மை போட்ட மாதிரி இருந்தது.

இன்று ஆபீஸ் கேட்டில் பிரேக் பிடித்தேன். ஹார்ன் அடித்தது. செக்யூரிட்டி பதறிப்போய் சல்யூட் வைத்தார்.

20 அக்டோபர்

பிரேக் பிடித்தால் ஹார்ன். ஹார்னை அமுக்கினால் பின்னால் பிரேக் லைட். அணு ஆராய்ச்சி மையத்தில் கருவிகளைக் கட்டி மேய்க்கிற எஞ்சினியர் நான். எனக்கு இதெல்லாம் ஒரு விஷயமா?

22 அக்டோபர்

விஷயம்தான்.

மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்ததுதான் மிச்சம். பேட்டரி சரி, ஃப்யூஸ் சரி. வேறு வழியில்லாமல் புதுப்பட்டினம் மெக்கானிக் ராஜேந்திரனிடம் தள்ளிக்கொண்டு போனேன். "இன்னா சார், எல்லாத்தையும் நீங்களே கயட்டிக்கினு வந்துகீறீங்க" என்றான். பேட்டரியை மாற்றிப் பார்க்கலாமாம். பேட்டரி நல்லாத்தான்யா இருக்கு என்று கத்திவிட்டு வந்தேன்.

24 அக்டோபர், ஞாயிறு

மீராவைப் பின்னால் உட்கார வைத்து மாமல்லபுரம் போனேன். கல்யாணமாகி ஆறு மாதம்தான் ஆகிறது, தலை தீபாவளி ஏற்பாடு பேச வரச் சொல்லியிருந்தார்கள். சன்னதித் தெருவில் மாடு, சைக்கிள், வெள்ளைக்காரன், எதற்குப் பிரேக் பிடித்தாலும் ஹார்ன். தெருவே திரும்பிப் பார்த்தது. மாமியார் வாசலில் நின்று சிரித்தாள்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "ஈரச் சந்தனத்த ஸ்விட்ச்சுல அப்பினா ஷார்ட் ஆகாம வேற என்ன ஆகும்? இது வண்டி மாமா, விக்கிரகம் இல்ல" என்றேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் நின்றிருந்தார்கள். மாமா துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

மீரா என்னோடு கிளம்பவில்லை. தீபாவளிக்கு எப்படியும் இங்கேதானே வரணும், நான் இங்கேயே இருக்கேன், உங்களுக்கு வரணும்னா வாங்கோ என்றாள். நான் சொன்னதில் என்ன தப்பு?

25 அக்டோபர்

கேன்டீன் சாப்பாடு. ரசம் என்று ஒன்றை ஊற்றினார்கள்.

30 அக்டோபர்

ஸ்விட்ச்சைப் பிரித்து ஸ்பிரிட்டால் துடைக்க உட்கார்ந்தேன். உள்ளே சந்தனமே இல்லை. பளபளவென்று இருக்கிறது. அதெப்படி? உள்ளே போயிருக்கணுமே!

4 நவம்பர்

கண்டுபிடித்துவிட்டேன். எழுதத்தான் கை வரவில்லை.

இண்டிகேட்டர் போட்டால் கீச்கீச்சென்று கத்துகிற பஸ்ஸர் ஒன்று, பூஜைக்கு முந்தின நாள் நான்தான் மாட்டினேன். ஒயரை முறுக்கி இணைத்தபோது இன்சுலேஷன் டேப் தீர்ந்துபோயிருந்தது. மேஜை மேல் செல்லோடேப் கிடந்தது. சுற்றினேன். ஆமாம், காகிதம் ஒட்டுகிற செல்லோடேப். அது ஹெட்லைட் சூட்டில் இளகி விலகி, பிரேக் ஒயரும் ஹார்ன் ஒயரும் உள்ளே கட்டிப்பிடித்துக்கொண்டு கிடக்கின்றன. ஆபீஸில் ஒருத்தன் இப்படிச் செய்திருந்தால் மெமோ கொடுத்திருப்பேன்.

சரி பண்ணிவிட்டு மீராவுக்கு போன் போட்டேன். விழுந்து விழுந்து சிரித்தாள். எத்தனை நாளாச்சு அந்தச் சிரிப்பைக் கேட்டு. அப்புறம் குரல் மாறியது. "அப்பாகிட்ட நீங்களே சொல்லிடுங்கோ. ஒரு வார்த்தை போறும்" என்றாள். கண்டிப்பாச் சொல்றேன் என்றேன்.

7 நவம்பர், தீபாவளி

தலையில் எண்ணெய் வைத்து, மணையில் உட்கார வைத்து, வேஷ்டி கொடுத்தார்கள். ஒரு குறையும் இல்லை. வாசலில் வண்டி சத்தம் போடாமல் நின்றதைப் பார்த்து மாமா முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

லேகியம் சாப்பிட்டதும் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். அதற்குள் அவர் முந்திக்கொண்டார். சொந்தக்காரர்கள் அத்தனை பேர் எதிரிலும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தெரியாம பண்ணிட்டேன் மாப்பிள்ளை. மனசுல வெச்சுக்காதீங்கோ" என்றார். கண் கலங்கியிருந்தது.

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"பரவால்ல மாமா."

மன்னித்துவிட்டேன்! என்ன பெருந்தன்மை. எல்லாருக்கும் சந்தோஷம், மாப்பிள்ளைக்குத் தங்கமான குணம் என்றார் மீராவின் அத்தை. மீரா மட்டும் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அதன்பிறகு என் பக்கம் வரவே இல்லை.

8 நவம்பர்

தனியாகத்தான் திரும்பினேன். அவள் இன்னும் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருவாளாம்.

10 நவம்பர்

நாளைக்குப் போய்ச் சொல்லிவிட வேண்டும். எழுந்ததும் நேராக அங்கேதான்.

11 நவம்பர்

மழை.

12 நவம்பர்

மழை.

13 நவம்பர்

மீரா போன் பண்ணினாள். எப்படி இருக்கீங்க என்றுகூடக் கேட்கவில்லை. அப்பா கோயிலில் சந்தனம் அரைக்கிறதைச் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டாராம். ஏன் என்று கேட்டதற்கு, "என் கைக்கு ராசி போயிடுத்து" என்றாராம். சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

14 நவம்பர், ஞாயிறு

இன்றைக்கு மழை இல்லை. வண்டியிலும் ஒரு கோளாறும் இல்லை.