நான் கேட்காத சம்மதம்

மேடம்,

போன திங்கட்கிழமை கரையான்சாவடி பிரஸ்ஸுக்குப் போனேன். உங்கள் ஜூனியர் அடுத்த மாதம் ஒரு கல்லூரியில் பேசப் போகிறார், நோட்டீஸ் அடிக்க வேண்டும். உள்ளே நுழைந்ததும் அந்தப் புது மை வாசனை. பிரஸ்காரர் கம்ப்யூட்டரைத் திறந்து, "பழைய டிசைன் அப்டியே கீது அண்ணே. அந்த வளையல் கை போட்டோவையே போட்ரட்டுமா?" என்று கேட்டார். நான் வெளியே வந்து ரோட்டோரம் நின்றுவிட்டேன். நீங்கள் போய் நாலு மாதம் ஆகிறது. அன்றைக்குத்தான் நான் அழுதேன்.

பூந்தமல்லி கோர்ட்டில் உங்களிடம் பதினாறு வருஷம் குமாஸ்தாவாக இருந்தேன். மற்ற வக்கீல்கள் நிலத் தகராறும் செக் கேஸும் பார்த்தபோது நீங்கள் கருக்கலைப்புக்கு எதிராக மனு எழுதிக்கொண்டிருந்தீர்கள். கலைக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தும் வீட்டார்மேல் புகார் கொடுக்க வைப்பீர்கள். சனிக்கிழமை ஆனால் அம்பத்தூர், ஆவடி என்று மகளிர் குழுக்களைத் தேடிப் போய்ப் பேசுவீர்கள். பார் அசோசியேஷனில் சிரிப்பார்கள். "என் கட்சிக்காரருக்கு இன்னும் கை முளைக்கல, வக்காலத்துல கையெழுத்து போட முடியாது. அதனால கேஸ் இல்லன்னு ஆயிடுமா?" என்பீர்கள். எனக்கு எல்லாவற்றிலும் உங்களோடு உடன்பாடு கிடையாது. மூன்று பெண் பெற்றவள் என் மனைவி. அவளும் உங்களிடம் மல்லுக்கு நின்றிருக்கிறாள். வீட்டுக்கு வந்து அவள் கையால் காபி குடித்துவிட்டு, அவளோடு சண்டை போட்டுவிட்டுத்தான் போவீர்கள்.

ஆவடியில் ஒரு கூட்டத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து கேட்டாளே, ஞாபகம் இருக்கிறதா? "பெத்துக்கோன்னு சொல்லிட்டு நீ ஊட்டுக்குப் பூடுவ. வளக்கறது யாரு?" உங்கள் முகம் சுண்டிப்போய்விட்டது. பஸ்ஸை விட்டு இறங்கும்போது, "அவ கேட்டது சரிதான் அண்ணே" என்றீர்கள். அதிலிருந்துதான் அந்தப் பழக்கம் வந்தது. நம் பேச்சைக் கேட்டுப் பிள்ளையைச் சுமக்கும் பெண்ணுக்கு வளைகாப்பு செய்ய ஆளில்லை என்றால், நம் ஆபீஸ் மாடியிலேயே செய்வது. குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை கூடவே இருப்பது.

தேவிக்கும் அப்படித்தான் செய்தோம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தையல் கம்பெனியில் வேலை பார்த்த பெண். கோயிலில் தாலி கட்டினவன் ஆறே மாதத்தில் கைவிட்டான். அவன் வீட்டார் கலைக்கச் சொல்லி ஆஸ்பத்திரிவரை இழுத்துப்போனார்கள். தப்பித்து நம்மிடம் ஓடி வந்தாள். "எனக்கு இது வேணும் மேடம்" என்றாள். அவளைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று நீங்கள் கோர்ட்டில் உத்தரவு வாங்கினீர்கள். அண்ணனூரில் அவளைச் சேர்த்துக்கொண்ட அப்பா, மாப்பிள்ளை துபாய்க்குப் போயிருக்கிறார் என்று தெரு முழுக்கச் சொல்லி மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சட்டப் புத்தகங்களை ஓரம் தள்ளி மனை போட்டோம். எலுமிச்சை சாதம், புளிசாதம், தயிர்சாதம். நீங்கள் கல்யாணம் ஆகாதவர், வளையல் போட மாட்டேன் என்று தள்ளி நின்றுகொண்டீர்கள். என் மனைவிதான் போட்டாள். தேவி வெடுக்கென்று, "நீங்க போடாம நான் எந்திரிக்க மாட்டேன்" என்று உட்கார்ந்துகொண்டாள். நீங்கள் போட்ட இரண்டு வளையலில் ஒன்று உடைந்தது. நான் அப்போது ஒரு போட்டோ எடுத்தேன்.

அந்தப் போட்டோதான் மேடம்.

குழந்தை பிறந்து இரண்டு மாதத்தில் புது நோட்டீஸ் போட்டோம். முகம் தெரியாமல் கையை மட்டும் வெட்டி எடுத்து வைத்தவன் நான். எவ்வளவு அழகாக வந்திருக்கிறது என்று எனக்குப் பெருமை வேறு. கீழே, கணவன் கைவிட்டும் கலைக்க மறுத்த தாய் என்று எழுதினோம். பேரும் முகமும் வெளியே போகக்கூடாது என்பது உங்கள் சட்டம். "தேவிகிட்ட கேட்டீங்களா அண்ணே?" என்றீர்கள். "கேட்டுட்டேன் மேடம்" என்றேன். கேட்கவில்லை. முகம்தான் இல்லையே, இதற்கெதற்கு அண்ணனூர்வரை அலைய வேண்டும் என்று நினைத்தேன்.

முழங்கைக்குக் கீழே அவள் அப்பா பெயரைப் பச்சை குத்தியிருந்தாள். போட்டோவில் அது தெரிந்ததை நான் கவனிக்கவே இல்லை. ஆவடி மார்க்கெட்டில் யாரோ கவனித்திருக்கிறார்கள். நோட்டீஸ் அண்ணனூர்த் தெருவுக்கு வந்தது, துபாய்க் கதை உடைந்தது. அப்பா அவளைக் கைக்குழந்தையோடு வெளியே தள்ளினார்.

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆபீஸுக்கு வந்து அவள் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. "யார கேட்டு போட்டீங்க?" நான் பீரோ ஓரம் கேஸ் கட்டுகளை அடுக்குவதுபோல நின்றேன். நீங்கள் என்னை ஒரு தடவை பார்த்தீர்கள். பிறகு அவள் பக்கம் திரும்பி, "நான்தான் போட்டேன். தப்பு என்னுதுதான்மா" என்றீர்கள். அவள் போன பிறகு என்னைத் திட்டுவீர்கள் என்று காத்திருந்தேன். நீங்கள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம் மேடம்.

நோயில் படுத்திருந்த கடைசி நாட்களில், "தேவி அண்ணனூர்லயே தனியா வீடு எடுத்திருக்காளாம். பாப்பாவ ஒரு தடவ பாக்கணும் அண்ணே, கூட்டிட்டு வாங்களேன்" என்று கேட்டீர்கள். போனேன். தெருமுனைவரை போய், பத்து நிமிஷம் நின்று, திரும்பிவிட்டேன். வீடு பூட்டியிருந்தது என்று உங்களிடம் சொன்னேன். "சரி, அப்புறம் பாக்கலாம்" என்றீர்கள். அப்புறம் என்று ஒன்று இருக்கவில்லை.

பிரஸ்ஸிலிருந்து நேரே ஆவடி போய் அண்ணனூருக்கு ரயில் ஏறினேன். இந்தத் தடவை கதவைத் தட்டினேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்: போட்டோ, என் பொய், நீங்கள் பழியை ஏற்றது, உங்கள் நோய், மரணம். சொல்லி முடித்ததும் மனசு லேசாகும் என்று நினைத்தேன். சுயநலம்தான், வேறென்ன.

தேவி அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னா சார் சொல்ற நீ? அன்னிக்கு உங்க ஆபீஸ உட்டு எறங்கி, நடு ரோட்ல நின்னு, அவங்கள நெனச்சி மண்ண வாரித் தூத்திட்டு வந்தேன். வயிறெரிஞ்சி தூத்தினேன். நல்லாவே இருக்க மாட்டன்னு சொன்னேன். தப்பே பண்ணாதவங்கள கொன்னுட்டனே சார்."

என் தலையில் இருந்ததை அவள் தலையில் ஏற்றிவிட்டேன் மேடம்.

உன் சாபத்தால் இல்லையம்மா, அதற்கு முன்பே வந்த நோய் என்று எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை. மறுநாள் உங்கள் ஆஸ்பத்திரி பைலைத் தேடி, அவள் ஆபீஸுக்கு வந்த நாளுக்கு முந்தின தேதி போட்ட ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு போனேன். நமக்குத் தெரிந்தது ஆவணம் காட்டுவதுதானே. அவள் அதைக் கையில்கூட வாங்கவில்லை.

"பேப்பர்ல நீங்க இன்னா வேணா போடுவீங்க சார்" என்றாள்.

இதோடு மூன்று முறை போய்விட்டேன். இனியும் போவேன். அவள் கதவைத் திறக்கிறாள், தண்ணீர் கொடுக்கிறாள், குழந்தை என் பையை இழுத்து விளையாடுகிறது. நான் சொன்னதையே சொல்கிறேன். அவளும் தலையாட்டுகிறாள், ஆனால் நம்பவில்லை. நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் நம்புவாள் மேடம்.