நியாஹுருரு வண்டியில் பொய்ப் பயணி

மார்ச் 4, செவ்வாய்
மகள் நியாகுத்தி என் மடிக்கணினியில் நிரல் எழுதும் எடிட்டரையும், வண்டி நிரம்புவதைக் கணக்குப் போட்டுக் காட்டும் ஒரு எக்ஸ்டென்ஷனையும் போட்டுக் கொடுத்துவிட்டு எல்டோரெட்டுக்குக் கிளம்பிப் போனாள். நிமிடத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள், எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று வரிவரியாக எழுதினால் போதும். வண்டி எவ்வளவு வேகமாக நிரம்பும் என்று பக்கத்திலேயே ஒரு வரைபடக் கோடு ஓடிக் காட்டுகிறது. பதினான்கு இருக்கையும் நிரம்பினால்தான் எங்கள் வேன் நகரும். நகுருவிலிருந்து நியாஹுருருவுக்கு என் வண்டிகள் நான்கு. ஐந்தாவது வாங்கலாமா? அதுதான் கேள்வி.

மார்ச் 7
கணினிக் கணக்குப்படி இருபது நிமிடத்துக்கு ஒரு வண்டி நிரம்பிக் கிளம்புமாம். அப்படியானால் வாங்கலாம்.

மார்ச் 10, திங்கள்
கடிகாரத்தோடு நிறுத்தத்தில் நின்றேன். ஒரு வண்டி நிரம்ப முப்பத்தெட்டு நிமிடம்! மகளைப் போனில் பிடித்தேன்.
"அப்பா, ஏறினவங்கள எப்படி எண்ணினீங்க?"
"கதவுகிட்ட நின்னு தலைய எண்ணினேன்."
"கருகா மாமா தலையையுமா?"
அடச்சே! காலி வண்டியில் எவனும் ஏறமாட்டான் என்று கருகாவையும் சேர்த்து நாலு பேரைக் கூலிக்கு உட்கார வைக்கிறோம். நிஜ ஆள் வர வர அவர்கள் நைசாக இறங்கிவிடுவார்கள். அவர்களையும் பயணிகளாக எண்ணியிருக்கிறேன். அதுவும் யார்? அப்படியே உட்கார்ந்து பிழைத்த நான்!

மார்ச் 11
வேலை ஓடவில்லை. தொண்ணூற்று மூன்றில் நானும் கருகாவும் ஒரே வேனில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருப்போம். அவனிடம் ஒரு பழைய செய்தித்தாள், நாள் முழுக்க அதையே புரட்டுவான். என்னிடம் சணல் கயிறு கட்டிய காலிப் பெட்டி. "நியாஹுருருல யாரு இருக்கா?" என்று ஒரு அம்மாள் கேட்டாள். "மாமியார்" என்றேன். எனக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை. செய்தித்தாளுக்குள் கருகாவின் தோள் குலுங்கியது. அந்த மாதிரி சிரித்து எத்தனை வருடம் ஆயிற்று?

மார்ச் 13
'கருகா' என்று தட்டினேன். அடியில் சிவப்பு நெளிகோடு — அப்படி ஒன்றை நான் இன்னும் சொல்லவில்லையாம். சரி, சொல்கிறேன். பொய்ப் பயணிக்கு ஒரு வரி, அவன் இறங்குவதற்கு ஒரு வரி, நிரம்பப் போகிறது என்று நம்பி ஏமாந்தவர்கள் கோபித்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போவதற்கு ஒரு வரி. நாலு பேர் உட்கார்ந்தால் முப்பத்தெட்டு நிமிடம், கண்ணால் பார்த்ததேதான். பொய்ப் பயணி யாருமே இல்லாவிட்டால் ஒருவரும் ஏறாமல் கோடு தரையோடு படுத்துக்கொள்கிறது. ஒரே ஒருவர் என்றால் முப்பது.
ஐந்தாவது வண்டி வேண்டாம். உட்காரும் நாலு பேரில் மூன்று பேரும் வேண்டாம்.

மார்ச் 17, திங்கள்
சொல்லிவிட்டேன். மூவரும் முணுமுணுத்தபடி கிசுமு போகும் வண்டிகளின் வரிசைக்குப் போனார்கள். கருகா மட்டும் நின்றான்.
"கம்ப்யூட்டர் சொல்லுச்சாக்கும்? என்னைய மட்டும் எதுக்குடா வச்சுக்கிற, முதலாளி?"
"உன் மூஞ்சிதான் ஊருக்குப் போறவன் மூஞ்சி."
"போறவனா? முப்பது வருஷமா இந்த வண்டியில உக்காந்திருக்கேன். நியாஹுருரு எப்படி இருக்கும்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது."
முப்பது வருடத்தில் நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லையே.
பேசி முடித்தது: அவன் உட்கார்ந்து நிரப்பும் வண்டி ஒன்றுக்கு நாற்பது ஷில்லிங். காலையில் தேநீரும், எண்ணெயில் பொரித்த சூடான மண்டாசியும். மாதத்தில் ஒருநாள், யார் ஏறினாலும் அவன் இறங்கமாட்டான் — ஜன்னலோர இருக்கை, நியாஹுருரு வரை, காசில்லாமல்.