துரை பங்களாவின் முன்வாசல்

அன்பு மகள் நிஷாவுக்கு அம்மா எழுதுவது. உத்திரமேரூரில் நானும் அப்பாவும் கர்த்தர் கிருபையால் கைகால் சுகத்தோடு இருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் அப்படியே இருக்க வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசினால் பாதியில் டூட்டி என்று ஓடிவிடுகிறாய், அதனால்தான் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

நான் பெருக்குகிற யுனிவர்சிட்டிக்குள் ஒரு பழைய துரை பங்களா பாழடைந்து கிடந்ததே, அதைப் புதுப்பித்துவிட்டார்கள். அப்படிச் சொல்லக் கூடாதாம், மீட்டெடுத்தோம் என்று சொல்ல வேண்டுமாம். வௌவால் புழுக்கையை அள்ளிக் கொட்டியது நானும் என்கூடப் பெருக்குகிற செல்லாயியும் கனகாவும், மாலை விழுந்தது பொறுப்பாளர் செந்தமிழன் சார் கழுத்தில். அவர் போட்ட சட்டத்தைக் கேள், அந்தக் காலத்தில் வேலைக்காரர்கள் பின்வாசலில்தான் வருவார்களாம், பழமை கெடக் கூடாதாம், ஆகவே நாங்களும் பின்வாசல்தானாம். ஏசி மட்டும் எந்தத் துரை காலத்தில் இருந்ததோ! போன வாரம் திறப்புவிழா. மழை பெய்து பின்பக்கம் ஒரே சேறு, தண்ணீர் கேன் தூக்கிவந்த செல்லாயி வழுக்கி விழுந்து மணிக்கட்டை ஒடித்துக்கொண்டாள், காலும் பிசகி ஊன்ற முடியவில்லை. அந்தப் பக்கம் வண்டி வராது. முன்பக்கம் கொண்டுபோகலாம் என்றால் செந்தமிழன் சார் ஓடிவந்து, கெஸ்ட்டெல்லாம் போட்டோ எடுக்கிறாங்க, கொஞ்சம் வெயிட் பண்ணுங்க என்றார். எனக்கு வந்ததே கோபம். “இன்னா சார், அது வலில துடிச்சிக்கினுகீது, உங்களுக்கு போட்டோ கேக்குதா?” என்று கேட்டுவிட்டு, தொடாதீர்கள் என்று பலகை மாட்டியிருந்த துரை நாற்காலியில் அவளை உட்காரவைத்து, நானும் கனகாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, சிவப்புக் கம்பளத்தின் மேல் சேற்றுக்காலோடு நடுக்கூடம் வழியாகத் தூக்கிப்போனோம். எங்களைப் பார்த்து சீஃப் கெஸ்ட்தான் வந்துவிட்டார் என்று நினைத்து நாதஸ்வரக்காரர் வாசிக்கவே ஆரம்பித்துவிட்டார். ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டார்கள், இப்போது செல்லாயிக்குத் தேவலாம்.

மறுநாள் யுனிவர்சிட்டிக்காரர்கள் ஃபேஸ்புக்கில் எங்கள் வீடியோவைப் போட்டிருந்தார்கள், அந்தக் கால வாழ்க்கையைத் தத்ரூபமாக நடித்துக் காட்டிய ஊழியர்களாம்! செல்லாயி அழுததற்கு அத்தனை பேர் கைதட்டியிருக்கிறார்கள். அப்பா அதைப் பார்த்துவிட்டுச் சாப்பிடாமலே எழுந்துபோனார். வேலை போய்விடும் என்று பயந்துகொண்டே போனால், செந்தமிழன் சார் பல்லைக் காட்டிக்கொண்டு வந்து, விசிட்டர்கள் கேட்கிறார்கள், மாதம் ஒருமுறை அதே மாதிரி செய்து காட்ட முடியுமா என்கிறார். “செய்றோம் சார், வர மாசம் நீங்க வயுக்கி வியுங்க, நாங்க தூக்கினு போறோம்” என்றேன். அதற்கப்புறம் நானும் கனகாவும் முன்வாசலில்தான் போகிறோம், ஒருத்தரும் தடுப்பதில்லை.

நைட் டூட்டி முடிந்து வெறும் டீயைக் குடித்துவிட்டுப் படுக்காதே, இரண்டு இட்லியாவது தின்னு. ஜான் மாமா மகள் கல்யாணத்துக்கு இப்போதே லீவு சொல்லி வை. கர்த்தர் உன் கூடவே இருக்கட்டும், மகளே.

முத்தங்களோடு அம்மா,
பாக்கியமேரி