மண் வைத்து அடைத்த இடம்

போன மாதம் ஒரு காலையில் மேஸ்திரி உன் அறையின் பின்சுவரில் பழைய பூச்சைக் கொத்தினார். தூசு அடங்குவதற்காகத் தண்ணீர் அடித்ததும் மண் வாசனை வந்தது. மற்ற இடமெல்லாம் உன் தாத்தா வைத்த சுண்ணாம்புக் காரை. அந்த இரண்டரை அடி அகலத்தில் மட்டும் செங்கல்லுக்கு நடுவே வெறும் களிமண். மேஸ்திரி கரண்டிக் காம்பால் தட்டினார். இரண்டு கல் தானாகக் கழன்று வந்தது.

"இங்க வாசக்கால் ஏதாவது இருந்துச்சா சார்? அவசரத்துல அடைச்ச மாதிரி இருக்கு."

"இருந்துச்சு. ஒரே ஒரு நாள்."

அவர் செம்மண்டலத்திலிருந்து வந்தவர், வயதானவர். கழன்ற கல்லை எடுத்து ஓரமாக வைத்தார்.

அது உன்னைத் தூக்கிப் போன வழி, கண்ணு.

போன மார்கழிப் புயலில் நம் வீட்டு ஓடு முழுக்கப் பறந்துவிட்டது. ஏழு மாதம் தார்ப்பாய்க்குக் கீழே இருந்தோம். மூலைக்கு மூலை தூண் எழுப்பித் தளம் போட்டுவிடலாம் என்றான் உன் தம்பி. சரி என்றேன். உன் அறையைத் தொட வேண்டியிருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் தார்ப்பாயிலேயே இருந்திருப்பேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். மோட்டாருக்குக் காயில் கட்டுவதைக்கூட யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, எரிந்துபோன மோட்டார்களைப் பிரித்துப் பிரித்துத்தான் கற்றேன். சிதம்பரத்தில் காலேஜ் விட்டு பஸ்ஸில் வந்து இறங்கியதும் நேராகப் பட்டறைக்கு வருவாய். நான் கம்பி சுற்றச் சுற்ற நீ சுற்றுகளை எண்ணுவாய். ஒரு நாள் நூற்றுப் பன்னிரண்டு என்றாய். பதினொன்றுதான் என்று சண்டை பிடித்து மொத்தத்தையும் பிரித்தேன். நீ சொன்ன கணக்குதான் சரியாக இருந்தது. நான் கம்பியை மறுபடி கையில் எடுத்தேன்.

"ஒத்துக்கவே வேணாம்பா. திரும்பச் சுத்துங்க, எண்ணறேன்" என்றாய். பத்தொன்பது வயது உனக்கு. அந்த ஐப்பசியில்தான் உனக்கும் தம்பிக்கும் சேர்ந்து மஞ்சள் காமாலை வந்தது. அவன் தாங்கினான். உன்னைப் பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்துவிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள்.

மாலை ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் நீ போனாய். கீரப்பாளையத்திலிருந்து உன் மாமா வந்தார். அழுதார், முகத்தைக் கழுவினார், பஞ்சாங்கத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். நாலு மணிக்கே அவிட்டம் பிறந்துவிட்டது, அடைப்பு இருக்கிறது என்றார். அடைப்பு நட்சத்திரத்தில் செத்தவரைத் தலைவாசல் வழியாக எடுத்தால் அந்த வீட்டில் இன்னொரு சாவு விழும் என்று நம்புகிறவர்கள் நாம். அதனால் சுவரை இடித்து வெளியே எடுப்பார்கள், அன்றைக்கே அடைத்துவிடுவார்கள், அறையை ஆறு மாதம் பூட்டிவைப்பார்கள். உனக்கும் அப்படித்தான் செய்தோம். நீ பிறந்து மூன்றாம் நாள் உன்னைத் துணியில் சுற்றித் தலைவாசல் வழியாகத் தூக்கி வந்தவன் நான். திருடன் போகிற வழியில் என் மகளை அனுப்ப வைத்தார்களே என்பது என் ஆத்திரம்.

ஒரு மாதம் கழித்துப் பஞ்சாங்கம் பார்க்க நானே கற்றுக்கொண்டேன். அப்போதுதான் தெரிந்தது, ஊரில் இரண்டு பஞ்சாங்கம் இருக்கிறது. உன் மாமா பார்த்தது வாக்கியம். திருக்கணிதத்தில் அவிட்டம் ஐந்தேகாலுக்குத்தான் பிறக்கிறது. அதன்படி நீ போனது திருவோணத்தில். அதற்கு அடைப்பே கிடையாது. அந்தப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு கீரப்பாளையம் போனேன். அறுப்பு நடந்துகொண்டிருந்தது. ஆட்கள் எதிரில் அவர் காலடியில் போட்டேன்.

"படிச்சுப் பாருங்க மச்சான். எம்பொண்ண சுவத்த இடிச்சு எடுத்தீங்களே, எதுக்கு?"

குனிந்து எடுத்தார். படித்தார். "எனக்கு இது தெரியாம போச்சு மாப்ள" என்றார். தப்பு என்று சொல்லச் சொன்னேன். சொல்லவில்லை. அன்றிலிருந்து எட்டு வருஷம் அவரை நான் வாசல்படி ஏற விடவில்லை. மச்சான் என் வீட்டுச் சுவரை இடித்தவர் என்று கேட்டவரிடமெல்லாம் சொன்னேன்.

சுவரைக் கொத்திய அன்று, பால் காய்ச்சுகிற பேச்சு வந்தது. தாய்மாமன் இல்லாமல் எப்படி என்றான் உன் தம்பி. மேஸ்திரி மண்ணைப் பெயர்த்துவிட்டிருந்தார், அந்தச் சுவரில் வாய் திறந்தபடி ஓட்டை நின்றது. அதைக் கையால் காட்டிச் சொன்னேன்.

"வரட்டும். ஆனா இந்த ஓட்ட வழியாத்தான் உள்ள வரணும். எம்பொண்ணு போன வழி எப்படி இருக்குன்னு தெரியட்டும். போன் போட்டுச் சொல்லு."

அவன் அங்கேயே நின்று மாமாவுக்குப் போனில் சொன்னான். மணல் சலித்துக்கொண்டிருந்த உன் அம்மா சல்லடையைக் கீழே வைத்தாள். அவள் குரலை உயர்த்துகிறவள் இல்லை, உனக்குத் தெரியும்.

"இடிக்கணும்னு சொன்னது நானு. இடிச்சது நீங்க. எங்கண்ணன் பஞ்சாங்கத்த வாசிச்சாரு, அவ்ளோதான்."

"நீயா சொன்ன?"

"உள்ள இன்னொன்னு மஞ்சளா படுத்திருந்துச்சே. போனதுக்கு எந்த வழின்னு பாக்கறதா, இருக்கறதக் காப்பாத்தறதா? நான்தான் அண்ணன் கையப் புடிச்சுக்கிட்டுச் சொன்னேன்."

"எட்டு வருஷமா வாயத் தொறக்கலியே?"

"நான் தொறக்கறேன்னுதான் சொன்னேன். அண்ணன்தான் வேணாம்னாரு. எம்மேல கோவமா இருக்கட்டும், கோவம் இருந்தாத்தான் மாப்ள எழுந்து நடமாடுவாரு, அதையும் எடுத்துட்டா ஆளு படுத்துருவாருன்னாரு."

நான் பட்டறைக்குப் போய் உட்கார்ந்தேன். அவள் சொன்னது உண்மை, கண்ணு. அன்றைக்கு இரண்டு ஆட்கள் வெளியிலிருந்து கடப்பாரை போட்டார்கள். கல்லெல்லாம் உள்பக்கம் விழுந்தது. ஒரு சில்லு உன் நெற்றிக்குப் பக்கத்தில் வந்து கிடந்தது. வெளியே ஓடிப்போய்க் கடப்பாரையைப் பிடுங்கி வந்து, உள்ளிருந்து வெளியே தள்ளி நானே இடித்தேன். அவர்கள் வைத்த அளவு சிறியது, உன்னைச் சாய்த்துத்தான் எடுத்திருப்பார்கள். நேராகப் போகட்டும் என்று இரண்டரை அடிக்கு அகட்டினேன். தெருவே பார்த்துக்கொண்டு நின்றது. எட்டு வருஷம் நான் ஊரெல்லாம் மச்சான் இடித்தார் என்று சொன்னபோது, நீதானே இடித்தாய் என்று ஒருவரும் என் முகத்துக்கு நேரே கேட்கவில்லை.

மறுநாள் மேஸ்திரியிடம் அந்த இடத்தைச் சிமென்ட் வைத்து, பழைய சுவரோடு பல் பிடித்து, கல்லோடு கல் கோத்துக் கட்டச் சொன்னேன். போன வாரம்தான் பூசி முடித்தார். என் நிபந்தனையை விட்டுவிட்டேன் என்று மாமாவுக்கு நான் சொல்லி அனுப்பவில்லை. எனக்கு அது வராது.

பால் காய்ச்சுகிற அன்று காலையில் முன்பக்கம் ஆட்டோ நின்ற சத்தம் கேட்டது. ஆள் வரவில்லை. பின்னால் போய்ப் பார்த்தேன். மாமா வரிசைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சுவர் முன்னால் நின்றுகொண்டிருந்தார். நன்றாகக் கூன் விழுந்துவிட்டது அவருக்கு. ஈரம் காயாத பூச்சில் ஓட்டையைத் தேடிக்கொண்டிருந்தார்.

"இந்தப் பக்கமா வரச் சொன்னீங்கன்னு தம்பி சொன்னான் மாப்ள. வழியக் காணோமே."

"முன்னால வாங்க" என்றேன்.

"இல்ல, நீங்க சொன்னபடி..."

"தட்டக் குடுங்க. முன்னால வாங்க மச்சான்."

அவ்வளவுதான் பேசினேன். தப்பு என் மேல் என்று சொல்லவில்லை. அவரும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. வாசல்படியில் அவர் கால் வைத்தபோது உன் அம்மா உள்ளே ஓடிவிட்டாள்.

எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு உன் அறையில் வந்து உட்கார்ந்தேன். சுவர் ஒரே சீராக இருக்கிறது, எங்கே இடித்தது என்று புதிதாக வருகிறவருக்குத் தெரியாது. கோபப்பட இனி எனக்கு ஆளில்லை. எட்டு வருஷம் அவரோடு போட்ட சண்டையில் உன்னை ஒரு நாளாவது முழுதாக நினைத்தேனா என்று தெரியவில்லை. உன் மாமா கணக்குப் போட்டது சரி, அந்தக் கோபம் போனதும் எழுந்து நடக்க முடியவில்லை. மணி ஐந்தடிக்கப் போகிறது. உன் தம்பி காப்பி வைத்துவிட்டுப் போனான். ஆறிக்கொண்டிருக்கிறது. நீ இல்லை, கண்ணு.