அண்ணாச்சி புரட்டாத பக்கம்

அண்ணாச்சி,

தகரப் பெட்டியிலிருந்து அந்த பேங்க் தாளை வெளியே எடுத்ததும் உங்கள் மூக்குப்பொடி வாசனை வந்தது. நான்கு வருடமாகியும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தாளின் முன்பக்கத்தில் உங்கள் விரல் பட்ட பழுப்புக் கறை ஐந்தாறு இடத்தில் இருக்கிறது. பின்பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. நான் இந்த மடலை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

முதலில் ஒரு நல்ல செய்தி. எனக்குப் படிக்க வந்துவிட்டது. நீங்கள் காலமான மறுமாதம் நம் வார்டுப் பள்ளிக்கூடத்தில் சாயங்கால வகுப்பில் சேர்ந்தேன். எழுபத்து மூன்று வயதில் சிலேட்டு பிடித்தேன். இப்போது பஸ்ஸில் ஏறினால் கண் ஓரிடத்தில் நிற்பதில்லை. ‘ஆட்கள் தேவை. ஓவர்லாக் டெய்லர், செக்கிங் பெண்கள்.’ கம்பத்துக்குக் கம்பம் கட்டியிருக்கிறார்கள். நாற்பது வருடம் அந்த அட்டைகளுக்குக் கீழேதான் நடந்திருக்கிறேன், ஏதோ கட்சிக்காரர்கள் கட்டியது என்று நினைத்துக்கொண்டு. வீட்டுக்காரி ராமாத்தாள் கூட வந்தாலும் விடாமல் சத்தமாகப் படிப்பேன். “போதுமுங்க, பஸ்ஸே நம்மளப் பாக்குது” என்று முழங்கையால் இடிப்பாள். எனக்கு நிறுத்த மனம் வருவதில்லை.

நம் பனியன் கம்பெனியில் நான் அயர்ன் டேபிளில் நின்றேன், நீங்கள் பேக்கிங்கில் அட்டைப்பெட்டிக்கு விலாசம் எழுதினீர்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து எட்டாவது படித்துவிட்டு வந்தவர். எனக்கு வந்த காகிதம் எதுவானாலும் உங்கள் கையில்தான் கொடுப்பேன். கரண்ட் பில், கல்யாணப் பத்திரிகை, வீட்டுப் பத்திரம் எல்லாம் நீங்கள் படித்துச் சொன்னதுதான் எனக்குத் தெரியும். அப்படித்தான் இந்தத் தாளையும் கொடுத்தேன்.

இதைக் கேட்டது ராமாத்தாள்தான். அப்போதே அவளுக்குக் கண் மங்கிவிட்டது. ஆனாலும் கம்பெனியிலிருந்து பண்டல் வாங்கி வந்து வீட்டில் உட்கார்ந்து பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். சட்டை சட்டையாகக் கண்ணருகே தூக்கிப் பிடித்துத் தொங்கும் நூலைத் தேடுவாள். ஒரு நாள் சொன்னாள்: “ஏனுங்க, வயசானவீங்களுக்கு ஊட்டு மேல பேங்க்ல மாசாமாசம் பணம் தர்றாங்களாமா. நாம இருக்கற வரைக்கும் திருப்பிக் கட்ட வேண்டியதில்லையாமா. பையன்கிட்ட மருந்துக்குக் கேக்கறப்பெல்லாம் எனக்கு நாக்கு மடங்குதுங்க.” நாங்கள் இருவரும் வேலை செய்து வீரபாண்டியில் சிறுகச் சிறுகக் கட்டிய இரண்டு அறை வீடு. பத்திரம் என் பெயரில் இருக்கிறது. பேங்க்கில் கேட்டோம். ஒரு தாளைக் கொடுத்து, வீட்டை அளந்து மதிப்புப் போட ஆள் வரும் என்றார்கள்.

டீக்கடைப் பெஞ்சில் நீங்கள் அதைப் படித்தீர்கள். பாதி டீ குடிப்பதற்குள் மடித்துவிட்டீர்கள்.

“இது ஒத்திதான் வே. பேரத்தான் மாத்தி வச்சிருக்கான்.”

எங்கள் பக்கம் போக்கியம் என்போம். பணம் கொடுத்தவர் வாடகை இல்லாமல் வீட்டில் குடியேறிவிடுவார், பணம் திரும்பி வரும்வரை எழுந்திருக்க மாட்டார். நான் கேட்டேன், “அப்ப பேங்க்காரரு வந்து குடியிருப்பாருங்களாண்ணாச்சி?”

“துட்டக் குடுத்தவன் வராம இருப்பானா? எங்க அக்கா வீட்ட ஒத்திக்கு வச்சாவ. மச்சான் செத்தாரு. துட்டத் திருப்ப வழியில்ல. அக்கா நாலு ஏனஞ்சட்டியத் தூக்கிட்டு எங்க வாசல்ல வந்து நின்னா. நான் கண்ணால பாத்தவன் வே. நீரு போயிட்டா அந்தத் தங்கச்சி எங்க இருக்கும்? அதச் சொல்லும் முதல்ல.”

தாளை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தேன்.

அளக்க ஆள் வந்த அன்று நீங்களும் வந்துவிட்டீர்கள். வாசலில் குறுக்கே நின்று, டேப்போடு வந்த கண்ணாடிக்காரரை மேலும் கீழும் பார்த்தீர்கள்.

“எந்த ரூம்ல வே தங்கப் போறீரு?”

“தங்கறதுங்களா? நான் அளக்க வந்தனுங்க.”

“இன்னைக்கு அளப்பீரு. நாளைக்குப் பாயச் சுருட்டிட்டு வருவீரு. சோறு பொங்கிப் போட எங்க தங்கச்சியால முடியாது, இப்பவே சொல்லிட்டேன்.”

“எனக்குப் பெருமாநல்லூர்ல சொந்த ஊடு இருக்குதுங்க” என்றார் அவர் பாவமாக. டேப்பைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். நாம் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். ராமாத்தாள் சிரிக்கவில்லை. அடுத்த பண்டலை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

இந்த இடத்தில் எழுந்து வாசல்வரை போய்விட்டு வந்தேன், அண்ணாச்சி. உட்கார முடியவில்லை.

அந்தத் தாளை இப்போது நானே படித்தேன். மூன்று நாள் ஆனது. முன்பக்கத்தில் வீட்டை அடமானமாக எழுதித் தர வேண்டும், வட்டி கடனோடு சேர்ந்துகொண்டே போகும் என்று இருக்கிறது. நீங்கள் அதுவரை படித்தது சரிதான். பின்பக்கத்தில்தான் மற்றது இருக்கிறது. வீட்டை விட்டு நாங்கள் போக வேண்டியதில்லை. உள்ளே வேறு யாரும் வந்து தங்க மாட்டார்கள். குறித்த வருடங்களோடு மாதப் பணம் நின்றுவிடும், ஆனாலும் உயிர் உள்ளவரை அங்கேயே இருக்கலாம். வீட்டு வரி கட்ட வேண்டும், வீட்டை ஒழுங்காக வைத்திருக்க வேண்டும், பூட்டிவிட்டு நெடுநாள் வேறெங்கும் போய்க் குடியிருக்கக் கூடாது. எங்கள் இருவர் காலத்துக்கும் பிறகு மகன் கடனைக் கட்டி வீட்டை மீட்டுக்கொள்ளலாம். இல்லையென்றால் பேங்க் விற்கும். கடன் போக மிச்சம் இருந்தால் மகனுக்குத் தரும்.

நிட்டிங் மிஷினில் நூல் கோன் இளைக்க இளைக்கக் கீழே துணி உருளை பருக்குமே, அதுபோல இந்தக் கடன் பருக்கும். வீட்டில் எங்களுக்குள்ள பங்கு இளைக்கும். அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு முழுப் பகல் ஆனது.

நீங்கள் ஏன் தாளைப் புரட்டவில்லை? இரண்டு நாள் உங்கள் மேல் கோபமாக இருந்தேன். நான்கு வருடம் அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நூல் தேடியிருக்கிறாள். பிறகு என் மேலேயே கோபம் வந்தது. பிரிண்ட் போட்ட பனியனை உள்பக்கம் திருப்பித்தான் தேய்க்க வேண்டும் என்று எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஒரு தாளைத் திருப்பிப் பாருங்கள் என்று உங்களிடம் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் அந்தத் தாளில் உங்கள் அக்காவைத்தான் பார்த்திருக்கிறீர்கள். அதற்கு மேல் படிக்க உங்களால் முடிந்திருக்காது.

தாராபுரத்தில் இருக்கும் மகனுக்கு போனில் முழுவதையும் படித்துக் காட்டினேன். “ஊடு போயிருமாப்பா?” என்றான். “மீட்டா உனக்குங்கண்ணு, இல்லீன்னா மிச்சம் உனக்கு” என்றேன். “அம்மாவுக்கு வேணும்னா செய்ங்கப்பா” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. செங்கல் சுமந்து கட்டிய வீடு. எனக்கும் லேசாக இல்லை.

திங்கட்கிழமை ராமாத்தாளைக் கூட்டிக்கொண்டு பேங்க்குக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் விண்ணப்பத்தை நீட்டினாள்.

“டிக் போட்ட எடத்துல மட்டும் கையெழுத்துப் போடுங்கய்யா.”

“கொஞ்சம் இருங்க கண்ணு, படிச்சுக்கறேன்.”

“நானே சொல்லீர்றனுங்க. பின்னாடி ஆளு நிக்கறாங்க.”

“நிக்கட்டுமுங்க. நான் எழுவது வருசம் நின்னேன்.”

அந்தப் பெண் சிரித்துவிட்டு நாற்காலியைக் காட்டினாள். படித்து முடித்ததும் நீங்கள் டீக்கடையில் கேட்டதையே கேட்டேன். “நான் போயிட்டா இவ எங்கீங்க இருப்பா?”

“அதே ஊட்லதானுங்க. அம்மாவும் கடன்ல சேந்திருந்தா.”

விண்ணப்பத்தில் என் பெயர் மட்டும்தான் இருந்தது. பத்திரம் என் பெயரில் இருப்பதால் அப்படியே எழுதிவிட்டார்களாம். “சேரலீன்னா?” என்றேன். பேனாவை மூடித் திறந்தாள். “அப்ப சிக்கலுங்கய்யா. உங்க காலத்தோட கெடு முடிஞ்சதாயிரும், பணத்தக் கேப்பாங்க.”

நான்கு வருடத்துக்கு முன்பும் என் பெயர் மட்டும்தானே எழுதியிருப்பார்கள்? படிக்கத் தெரியாமல் ரேகை வைத்திருப்பேனே. நீங்கள் அரைத் தாள் படித்துவிட்டுக் கேட்ட கேள்விதான் அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியிருக்கிறது. உங்களைத் திட்டுவதா கும்பிடுவதா என்று அந்த நாற்காலியில் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

புதுத் தாள் கொடுத்தாள். ராமாத்தாளின் பெயரை நானே எழுதுகிறேன் என்றேன். பின்னால் இருந்தவர்கள் பொறுத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்தபின் அவள் கேட்டாள்: “ஏனுங்க, நீங்க போனா நான் எங்கிருப்பன்னு கேட்டீங்க. நான் முன்னாடி போயிட்டா நீங்க எங்கிருப்பீங்க? அதக் கேக்கவே இல்லீங்களே.”

கேட்கவில்லை. உங்கள் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அவளுக்கென்று ஒரு கேள்வி இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. விண்ணப்பத்தோடு அவர்கள் தந்த தாளை விரித்துத் தேடினேன். ‘இருவரில் எவர் எஞ்சியிருந்தாலும் அவர் அவ்வீட்டிலேயே தொடர்ந்து வசிக்கலாம்.’ விரல் வைத்து அவளுக்குப் படித்துக் காட்டினேன். “இன்னொருக்காப் படிங்க” என்றாள். படித்தேன். அவளும் கூடவே முணுமுணுத்தாள்.

மனம் இன்னும் நிலைகொள்ளவில்லை, அண்ணாச்சி. ஆனால் இப்போது எந்தத் தாள் கைக்கு வந்தாலும் அந்த இரண்டு கேள்விகளோடுதான் படிக்கிறேன். ஒன்று உங்களுடையது, மற்றது அவளுடையது.