வளையல் ஏறாத கை

என் ஆசை அண்ணிக்கு,

முதலில் நல்ல சேதி. ரேவதிக்கு நேற்றுக் காலை பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம். யார் இந்த ரேவதி என்கிறாயா? இரு, சொல்கிறேன். எனக்குச் சந்தோஷத்தில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

நீ போன மறுவருஷம் கிராம சுகாதாரப் பணியாளர் பயிற்சியில் சேர்ந்தேன். கரிக்கலாம்பாக்கத்தில் நம் தெருவும், வயலை மூடிப் போட்ட புது மனைகளும் என் பொறுப்பு. சொல்லித்தருகிற நர்சம்மா என்னைவிடப் பத்து வயது சின்னவள். வாய் நிறைய "அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டே திட்டுவாள். எடை பார்க்க, பி.பி. பார்க்க, யாரை எப்போது ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது என்று எல்லாம் படித்தேன். பத்தாவதில் கணக்கில் கோட்டைவிட்ட அதே நாத்தனார்தான், நம்பு!

மறதிதான் என்னைக் கெடுத்தது. உப்பு வாங்கப் போய்ச் சர்க்கரையோடு வருகிறவள் அல்லவா நான்? கர்ப்பிணி இருக்கிற வீடு மறக்காமல் இருக்க, வாசல் நிலையில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு வைத்தேன். கொசு மருந்து அடிக்கிறவர்கள் சுவரில் தேதி எழுதுவதில்லையா, அதுபோலத்தானே என்று நினைத்தேன். வட்டம் போட்ட வீடு என்ன வீடு என்று தெரு ஒரே நாளில் கண்டுபிடித்துவிட்டது. அதில் ரேவதி வீடும் ஒன்று. அவளுக்கு அப்போது இரண்டு மாசம்தான். குழாயடியில் என் காதில் மட்டும் சொல்லியிருந்தாள். மூன்று மாசம் தாண்டாமல் நம் பக்கம் யாராவது வாய் திறப்பார்களா?

அவள் மாமியார் கண்ணம்மா அத்தை நடுத்தெருவிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். "எங்க வூட்டு நெலையில இன்னாத்துக்குடி கிறுக்கின? ஊரு கண்ணு மொத்தமும் என் மருமவ மேல. இனிமே இந்தப் பக்கம் வந்த, அவ்ளோதான்!"

அதோடு கதவைச் சாத்திவிட்டார். நர்சம்மா போனாலும் "நாங்க டவுன்ல பாத்துக்கறோம்" என்ற பதில்தான். ஒரு ஸ்கேன் எடுத்ததோடு சரி என்பது பிறகுதான் தெரிந்தது. தப்பு என்னுடையது, அண்ணி. ரேவதிக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயத்தில் எனக்கு மாசக்கணக்கில் சோறு இறங்கவில்லை.

ஏழாம் மாசம் வளைகாப்பு வைத்தார்கள். எனக்கு அழைப்பு இல்லை. மானம் ரோஷத்தை மூட்டை கட்டிவிட்டு, பி.பி. கருவியும் பையுமாகப் போனேன். உள்ளே ஒரே சிரிப்பு. ரேவதிக்கு வளையல் ஏறவில்லை. பெண்கள் சோப்பு நுரை தடவி அழுத்திக்கொண்டிருந்தார்கள். "புள்ளை ஊட்டமா இருக்குது, அதான் கை பூரிச்சுப் போச்சு" என்றாள் ஒருத்தி.

அண்ணி, உன் வளைகாப்பில் உன் கைக்குச் சோப்பு தடவியது நான். இதே பேச்சைப் பேசிச் சிரித்ததும் நான். கையும் முகமும் வீங்கினாலோ, தலை வலித்தாலோ பி.பி. பார்க்க வேண்டும் என்று நம்மில் யாருக்குத் தெரிந்தது? இருபதாம் நாள் வலிப்பு வந்து, உன்னையும் வயிற்றுப் பிள்ளையையும் சேர்த்துப் பறிகொடுத்தோம். அன்றைக்கே உனக்குத் தலை வலித்ததா? ஏன் என்னிடம் சொல்லவில்லை?

"நிறுத்துங்க!" என்று கத்திவிட்டேன்.

கண்ணம்மா அத்தை எழுந்து வந்தார். "நல்ல காரியத்துல வந்து இன்னாடி அபசகுனமா?"

"எங்க அண்ணிக்கும் இப்டித்தான் அத்தே வளையல் ஏறல. நான்தான் சோப்பு போட்டு ஏத்தனேன். இருபதே நாள்ல போய்ட்டாங்க. என்னை அப்பறமா அடிங்க. இப்ப அவ கையக் குடுங்க."

அத்தை என் முகத்தையே பார்த்தார். பிறகு, பாதி ஏறியிருந்த வளையலை அவரே உருவி எடுத்துவிட்டு, மருமகளின் கையை என் பக்கம் நீட்டினார்.

பி.பி. நூற்று அறுபதைத் தாண்டியிருந்தது! சந்தனம், புளிசாதம் எல்லாம் போட்டது போட்டபடி கிடக்க, பட்டுப்புடவையோடு ரேவதியை ஆட்டோவில் ஏற்றினோம். நர்சம்மா போனிலேயே பெரிய ஆஸ்பத்திரிக்குச் சொல்லி வைத்தாள். ஆறு வாரம் மாத்திரையும் படுக்கையுமாகக் கழிந்து, நேற்றுத்தான் பிள்ளை பிறந்தது. என் பயிற்சியும் முடிந்துவிட்டது. நர்சம்மா என்னைக் கட்டிக்கொண்டு குதித்ததை நீ பார்த்திருக்க வேண்டும்.

இன்று பிள்ளையைப் பார்க்கப் போனேன். கண்ணம்மா அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். "வர்ற ஞாயித்துக்கெழம என் தம்பி மருமவளுக்கு வளைகாப்பு. பி.பி. பாத்துட்டு மொத வளையல நீ போடுடி." அங்கேயே அழுதுவிட்டேன்.

போடுவேன், அண்ணி. இனி எந்தப் பெண்ணுக்காவது வளையல் ஏறவில்லை என்றால், என் தெருவில் ஒருத்தியையும் சிரிக்க விடமாட்டேன்.

என்றும் உன் நாத்தனார்,
கலா