அசல் ஈயம்

ஓசூர்
30.5.2025

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீங்களும் அண்ணனும் நலமா? போனில் பேசினால் பாதிப் பேச்சு என் மாமியார் காதுக்குப் போய்விடுகிறது. அதனால்தான் கடிதம்.

நேற்று எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பொன்னி தோசையைப் பிய்த்துக்கொண்டே, "அம்மா, கறுப்பா என்னமோ ஒட்டினு இருக்கு" என்றாள். மிளகு என்று நினைத்தேன். பார்த்தால் நான்-ஸ்டிக் கல்லிலிருந்து உரிந்து வந்த பூச்சு. நாலு வயசுக் குழந்தைக்கு இத்தனை நாளாக இதையா ஊட்டியிருக்கிறேன்? அந்த வேகத்திலேயே நான்-ஸ்டிக் எல்லாவற்றையும் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டேன். மாமியார் வாயடைத்துப் போய் உட்கார்ந்திருக்கிறார். அந்த வகையில் நல்லதுதான்.

இரும்புத் தோசைக்கல் ஒன்று இங்கேயே வாங்கினேன். முதல் தோசை கல்லோடு ஐக்கியமாகிவிட்டது. இரண்டாவதை உப்புமா என்று சொல்லி என் வீட்டுக்காரருக்கு வைத்தேன். பிரகாஷ் பாவம், ஒன்றும் கேட்காமல் சாப்பிட்டார்.

மற்றதை நீங்கள்தான் நம்மூரில் பார்த்து வாங்கி பஸ்ஸில் போட்டுவிட வேண்டும். மாக்கல் சட்டி, மண்சட்டி, எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு ஈயச் சொம்பு. பொன்னிக்கு ரசம் சாதம் தவிர வேறு எதுவும் இறங்குவதில்லை.

அன்புடன்,
நந்தினி

திருவண்ணாமலை
13.6.2025

அன்புள்ள நந்தினிக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் தூக்கிவாரிப் போட்டது. பூச்சு உரிந்தது ஒரே ஒரு கல்லில். அதற்காகக் கல்யாணச் சீரில் பாதியைத் தூக்கிப் போடுவாயா? உன் அண்ணனிடம் சொன்னேன். "அவ சின்ன வயசுலயே அப்படித்தான், கொசு கடிச்சா கட்டிலையே மாத்தணும்பா" என்று சிரிக்கிறார்.

கல்லை முதலில் பழக்கு. நல்லெண்ணெய் தடவிச் சூடேற்றி, பாதியாக அறுத்த வெங்காயத்தால் தேய். சோப்பு காட்டாதே. இந்தப் பார்சலில் மாக்கல் சட்டி இருக்கிறது. இரண்டு மூன்று நாள் சூடான வடிகஞ்சி ஊற்றி வைத்துவிட்டு அப்புறம் அடுப்பில் ஏற்று. மாமியாரைப் பழக்குவதைவிடச் சுலபம்.

சொம்பு வந்த கதையைக் கேள். வைகாசிப் பௌர்ணமிக்கு வழக்கம்போலக் கிரிவலம் போனேன். அடி அண்ணாமலைக் கோயில் தாண்டி ஒருவர் சாக்கு விரித்து வைத்திருந்தார். "கனத்தைப் பாருங்கம்மா, அசல் ஈயம்" என்றார். தூக்கிப் பார்த்தேன். கடையில் நான் பார்த்தது எதுவும் இந்தக் கனம் இல்லை. உனக்கு ஒன்று, எனக்கு ஒன்று வாங்கித் துண்டில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டேன். எதிரே வந்த ஒரு அம்மா, "கொழந்த தூங்கிடுச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஒன்பது வருஷமாக நான் எதற்காக மலையைச் சுற்றுகிறேன் என்று உனக்குத் தெரியும்.

வெறும் சொம்பை அடுப்பில் வைக்காதே, உருகிவிடும். பொன்னிக்குட்டிக்கு அத்தையின் முத்தம்.

அன்புடன்,
உன் அண்ணி அருணா

ஓசூர்
20.7.2025

அன்புள்ள அண்ணிக்கு,

ஈயச் சொம்பு ரசம் என்றால் இதுதானா? மாமியார் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிக் குடித்தார். எனக்கு அதிர்ச்சியில் கரண்டியே நழுவியது. பொன்னி டம்ளரில் ஊற்றித் தரச் சொல்கிறாள். "அத்த ரசம்" என்று பேரும் வைத்துவிட்டாள். மாக்கல் சட்டியில் வத்தக்குழம்பு இறக்கி வைத்த பிறகும் கொதிக்கிறது. கல்லும் பழகிவிட்டது, தோசை தானாகவே எழுந்து வருகிறது. அடுத்து ஒரு வெண்கலப் பானை பார்த்து வையுங்கள்.

பொன்னிக்குத்தான் பத்து நாளாக வயிறு சரியில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுக்கிறாள். வெளிக்கும் போவதில்லை. கண் பட்டிருக்கிறது என்று மாமியார் சுற்றிப் போட்டார். வேறு எதைக் கொடுத்தாலும் துப்புகிறாள், ரசம் ஒன்றுதான் உள்ளே போகிறது. அதனால் இப்போது இரண்டு வேளையும் அதையே கொடுக்கிறேன்.

அன்புடன்,
நந்தினி

ஓசூர்
12.9.2025

அண்ணிக்கு,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பொன்னியின் ரத்தத்தில் ஈயம் கலந்திருக்கிறதாம். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம்.

வீட்டில் பெயிண்ட் அடித்தீர்களா, எதில் சமைக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். பிரகாஷ் சொம்பைக் கொண்டுபோய்க் காட்டினார். டாக்டர் அதை ஒரு வெள்ளைத்தாளில் தேய்த்தார். பென்சிலால் கிழித்தது போலக் கறுப்புக் கோடு விழுந்தது. "இது சமைக்கிற ஈயம் இல்லம்மா, காரீயம். புளி பட்டா கரையும். இதுலயா குழந்தைக்கு ரசம் வச்சீங்க?" என்றார். அவள் குடிக்கவில்லை என்றால் மடியில் போட்டு ஊட்டியவள் நான். பூச்சுக்குப் பயந்து கல்லைத் தூக்கிப் போட்டவளும் நான்தான்.

மருந்து ஏறுகிறது. பிழைத்துக்கொள்வாள். பின்னால் புத்தியில், படிப்பில் ஏதாவது குறை தெரியுமா என்று கேட்டால், "போகப் போகப் பார்க்கலாம்" என்கிறார் டாக்டர்.

மாமியார் ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லார் எதிரிலும் சொன்னார்: "புள்ள இல்லாதவ கையால குடுக்கறத வாங்காதன்னு அப்பவே தலப்பாடா அடிச்சுக்கினேன். தெரியாமலா அனுப்பியிருப்பா?" இப்படிப் பேசுகிறார், அண்ணி. கடைகள் அத்தனை இருக்க, நீங்கள் ஏன் ரோட்டில் வாங்கினீர்கள்?

நந்தினி

திருவண்ணாமலை
17.9.2025

அன்புள்ள நந்தினிக்கு,

உன் கடிதத்தை நின்றபடியே படித்தேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. உன் அண்ணன் வந்து கையிலிருந்து வாங்கிய பிறகுதான் உட்கார்ந்தேன்.

என் சொம்பை எடுத்துக்கொண்டு, பாத்திரத்துக்கு ஈயம் பூசும் நசீர் அகமது பாயிடம் ஓடினேன். அவரும் பார்த்தவுடன் சொல்லிவிட்டார். "ரசத்துக்கு வெள்ளீயம், மீன் வலை குண்டுக்குக் காரீயம். ஜனங்க ரெண்டையும் ஈயம்னுதாம்மா சொல்றாங்க." அப்படியென்றால் விற்றவர் பொய்கூடச் சொல்லவில்லை. அசல் ஈயம் என்றார். நானும் கனத்தைப் பார்த்து ஏமாந்தேன்.

மூன்று மாதமாக எங்கள் வீட்டு ரசமும் அதில்தான். எங்கள் இருவருக்கும் ரத்தம் எடுத்திருக்கிறார்கள். நீ அதைக் கேட்கவில்லை. குழந்தை அங்கே கிடக்கும்போது வேறு எதுவும் தோன்றாது, அதில் எனக்கு வருத்தமில்லை. நான் விசாரிக்காமல் வாங்கினேன். பொன்னி அழுத அழுகையெல்லாம் என் கையால் வந்தது. அதற்காக நீ என்னை என்ன திட்டினாலும் கேட்டுக்கொள்வேன். எனக்குச் சோறு இறங்கவில்லை, நந்தினி.

ஆனால் "இப்படிப் பேசுகிறார், அண்ணி" என்று ஈயம் பூசினது போலவும் பூசாதது போலவும் ஒரு வரி எழுதியிருக்கிறாய். உன் மாமியார் பேசியதை ஒரு எழுத்து விடாமல் எழுதினாய். நீ அவருக்கு என்ன பதில் சொன்னாய் என்று எழுதவில்லை. எனக்கு அது மட்டும் தெரிய வேண்டும்.

அருணாதேவி

ஓசூர்
26.9.2025

அன்புள்ள அண்ணிக்கு,

பொன்னியை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். இன்று அரை இட்லி சாப்பிட்டாள். உங்கள் ரத்தப் பரிசோதனை என்ன ஆயிற்று? இதைக் கேட்க எனக்கு முகம் இல்லை, ஆனாலும் கேட்கிறேன்.

உங்கள் கேள்விக்கு நாலு கடிதம் எழுதிக் கிழித்தேன். மாமியாரோடு சண்டை போட்டேன் என்று ஒன்றில் எழுதினேன். நீங்கள் நம்பியிருப்பீர்கள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை அண்ணி. கேட்டுக்கொண்டுதான் நின்றேன். அன்றைக்குப் பொன்னியின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, தெரியாமலா அனுப்பியிருப்பீர்கள் என்று நானும் நினைத்தேன்.

நந்தினி